எல்லா ஊரிலும் ஒரே பச்சை

நாகர்கோவிலில் ஜெபசீலி என்று ஒருத்தி இருந்தாள். தூர ஊர்களில் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டர்களை இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஆஸ்பத்திரி, பால் பண்ணை, பஸ் கம்பெனி என்று பலருடைய மெஷின்கள் அவள் பொறுப்பில் இருந்தன. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டுவாள். எங்கோ ஓர் ஊரில் ஒரு மெஷின் அதைக் கேட்டு நடக்கும்.

அவளிடம் தொழில் கற்க வந்தவர் தாணுமாலயன். அவளைவிட இருபது வயதாவது மூத்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியையும் மின்விசிறியையும் கழற்றிப் பூட்டிக்கொண்டு வீட்டில் இருந்தவரை, "எங்கயாவது போய் எதையாவது படிங்க" என்று மனைவி செண்பகம் விரட்டிவிட்டாள்.

முதல் நாளே அவர் ஜெபசீலியை டீச்சர் என்று கூப்பிட்டார்.

"பேரு சொல்லியே கூப்பிடுங்க அண்ணாச்சி."

"படிக்க வந்துட்டு பேரு சொல்லக் கூடாது டீச்சர்."

அதுவே நிலைத்துவிட்டது.

பழகுவதற்கென்று ஜெபசீலி அவருக்கு ஒரு மெஷினை ஒதுக்கித் தந்திருந்தாள். பணகுடிக்கு அப்பால் ஒரு ரத்த வங்கி இருந்தது. எந்த ரத்தப் பை எந்தக் குளிர்பெட்டியில் என்று அங்கே கணக்கு வைக்கும் மெஷினின் நகல் அது. உள்ளே எல்லாம் அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும். அதிலுள்ள ரத்தப் பைகள் மட்டும் கற்பனை.

கொஞ்ச நாளில் தாணுமாலயன் மற்ற மெஷின்களுக்குள்ளும் போய்வர ஆரம்பித்தார். அங்கேதான் அவருக்குத் தொல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். ஒன்றில் கீபோர்டின் மேல் அம்புக்குறியைத் தட்டினால் முன்பு கொடுத்த கட்டளை வரும். இன்னொன்றில் அதே அம்பைத் தட்டினால் கன்னாபின்னாவென்று எழுத்துகள் விழும். ஒன்றில் இருக்கும் வசதி இன்னொன்றில் இருக்காது.

"புது மருமக அடுக்களையில நுழைஞ்ச மாதிரி இருக்கு டீச்சர். உப்பு எங்க, புளி எங்கன்னு தேடியே நேரம் போகுது."

"அதுக்கு வழி இருக்கு. உங்களுக்கு எப்படி இருந்தா தோதுன்னு எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல எழுதிக்கிடுங்க. அந்த ஃபைலைப் போட்டா எந்த மெஷினும் உங்க பழக்கத்துக்கு வந்துரும். முதல்ல பழகுற மெஷின்ல செஞ்சு பாருங்க."

மனிதர் உற்சாகமாகிவிட்டார். நீளமான கட்டளைகளுக்கெல்லாம் தமிழில் சின்னப் பெயர் வைத்தார். 'பார்' என்று தட்டினால் உள்ளே இருப்பதைக் காட்டும். 'நிறுத்து' என்றால் ஓடும் வேலை நிற்கும். 'எழுப்பு' என்றால் மறுபடி ஓடும். கட்டளை தட்டும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அந்த மெஷினின் பெயர் வருவது வழக்கம். அது அவருக்கு அழகாகப் படவில்லை. அதை எடுத்துவிட்டு 'தாணு' என்று வைத்தார். அதற்கு நடவு முடிந்த வயலின் பச்சையைக் கொடுத்தார்.

ஜெபசீலியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள்.

"நிறுத்து, எழுப்பு... நல்லா இருக்கு அண்ணாச்சி. எனக்கு இது தோணவே இல்ல." இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் போன் அடித்தது, எழுந்து போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலமே அந்த ஃபைலை அத்தனை மெஷின்களிலும் போட்டார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

"இனி எந்த ஊருக்குப் போனாலும் நம்ம வீடுதான்" என்று செண்பகத்திடம் சொன்னார். கணவர் எந்த ஊருக்கும் போகாமல் இதைச் சொல்கிறாரே என்று அவள் பார்த்தாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம். தாணுமாலயன் திரையில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார். ஒன்று ரத்த வங்கியின் அசல் மெஷின், மற்றது பழகும் மெஷின். அசலைப் பார்த்து நகலில் ஏதோ திருத்திக்கொண்டிருந்தார். இரண்டிலும் பச்சை நிறத்தில் 'தாணு' மினுங்கியது. நகலில்தான் இருக்கிறோம் என்று நினைத்து 'நிறுத்து' என்று தட்டினார். நின்றது.

சற்று நேரத்தில் போன் வந்தது. ரத்த வங்கியில் வேலை பார்க்கும் கோமதி பேசினாள்.

"சார், எங்க திரை எல்லாம் நின்னுட்டு. பிரசவ வார்டுல ஒரு அம்மாவுக்கு ஓ நெகட்டிவ் கேக்காவ. எந்தப் பெட்டியில இருக்குன்னு பாத்துக்கிட்டு இருக்கும்போதே போயிட்டு."

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"என் தப்பும்மா. நான்தான் நிறுத்திட்டேன். இதை நம்பிக் காத்துக்கிட்டு நிக்காதீங்க, கையால தேடுங்க" என்றார்.

எழுப்ப வேண்டும். எந்த ஜன்னலில்? இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. எது அசல் என்று அவருக்குத் தெரியவில்லை. தவறான இடத்தில் தட்டினால் இன்னும் என்ன ஆகுமோ என்று கையை இழுத்துக்கொண்டார்.

"டீச்சர்" என்றார். குரலைக் கேட்டே ஜெபசீலி எழுந்து வந்தாள். நின்றபடியே முதல் ஜன்னலில் ஒரு சிறிய சொல்லைத் தட்டினாள். மெஷின் தன் பெயரைச் சொன்னது. அது நகல். இரண்டாவதிலும் அதே சொல்லைத் தட்டினாள். அது அசல். அதை ஓடவைத்தாள். ரத்த வங்கியின் திரைகள் உயிர் பெற்றன.

சாயங்காலம் ஜெபசீலியே கோமதிக்குப் போன் போட்டு விசாரித்தாள். பை கிடைத்திருந்தது. தாயும் பிள்ளையும் நலம். பெண் குழந்தை.

"வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. சாப்பிட்டுத் தூங்குங்க" என்றாள்.

அவர் போகவில்லை. ஒவ்வொரு மெஷினாகப் போய்த் தன் ஃபைலை அழித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அதன் பிறகு தாணுமாலயன் வேறு ஆள். சின்னப் பெயர்கள் இல்லை, பச்சை இல்லை. மெஷின் எப்படி இருக்கிறதோ அப்படியே அதனுடன் மல்லுக்கட்டினார். நீளக் கட்டளைகளை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். தட்டி முடித்த பிறகும் என்டரை அழுத்தாமல் உட்கார்ந்திருப்பார். மெஷினிடம் பெயர் கேட்பார். அது சொல்லும். கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி கேட்பார்.

ஜெபசீலி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒருநாள் கடையிலிருந்து வாங்கி வந்த, மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியை அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் எடுக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். நான் நின்னுக்கிடுதேன்."

"எதுக்கு?"

"எனக்கு இது வராது. எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கினா எங்க இருக்கேன்னு தெரியாமப் போகுது. அப்படியே விட்டா கை ஓட மாட்டேங்குது. ரெண்டுல எது சரின்னு கேட்டா நீங்களும் சொல்ல மாட்டேங்குறீங்க."

"நீங்க கேக்கவே இல்லையே."

"இப்ப கேக்கேன். எது சரி?"

ஜெபசீலி பழம்பொரித் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"இதைச் சாப்பிடுங்க. நாளைக்கு நாம ஒரு இடத்துக்குப் போவோம்."

மறுநாள் காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள். எங்கே போகிறோம் என்று அவர் கேட்கவில்லை. ஆரல்வாய்மொழி தாண்டி, மலை இடது பக்கம் கூடவே வர ஆரம்பித்ததும் தெரிந்துகொண்டார்.

"டீச்சர், வேண்டாம். அந்தப் பிள்ள முகத்துல எப்படி முழிப்பேன்?"

"டிக்கெட் எடுத்தாச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரத்த வங்கி சின்னக் கட்டடம். வாசலில் வேப்பமரம், அதன் கீழே இரண்டு பெஞ்சுகள். உள்ளே ஒருவர் அப்போதுதான் ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கையில் பஞ்சை அமுக்கியபடி ஃப்ரூட்டி குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையில், மேசைக்கு அடியில், அந்த மெஷின் இருந்தது. அதன் தலையில் யாரோ டிபன் பையை வைத்திருந்தார்கள். இத்தனை நாள் அவர் தினமும் வந்துபோன இடம் அதுதான்.

கோமதிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஜெபசீலியைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

தாணுமாலயன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"அம்மா, அன்னைக்கு நிறுத்தினது நான்தான்."

"தெரியும் சார். குரலை வெச்சே கண்டுபிடிச்சேன்." கோமதி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "என் தப்புன்னு நீங்க சட்டுனு சொன்னதுதான் சார் உதவியா இருந்துச்சு. இல்லன்னா நெட்டு போயிட்டு, இப்ப வரும், அப்ப வரும்னு நான் திரையைப் பாத்துக்கிட்டே இருந்திருப்பேன். நீங்க சொன்ன உடனே எழும்பி ஓடிட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

ஜெபசீலி மெஷினைப் பார்த்தாள்.

"கோமதி, இதை ஒருதடவை நிறுத்திட்டு எழுப்பணும். புது மாத்தம் ஒண்ணு போட்டிருக்கு, எழுப்பினாத்தான் எடுத்துக்கிடும். எப்ப வசதி?"

"இப்பவே செய்யலாம்க்கா. அவசரம்னு யாரும் இல்ல."

"அண்ணாச்சி, நீங்க செய்யுங்க."

"நானா?"

"ஆமா."

கோமதி தன் நாற்காலியை விட்டு எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள். அவர் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தார். நீளக் கட்டளையை முழுசாகத் தட்டினார். என்டருக்கு முன் நிறுத்தி, திரும்பி, அறையைப் பார்த்தார். பஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தார். கோமதியைப் பார்த்தார்.

"நிறுத்தட்டுமாம்மா?"

கோமதி ஒரு கணம் யோசித்தாள். பக்கத்து அறைக்குள் எட்டிப் பார்த்து, "யாரும் எதுவும் தேடுதியளா?" என்று கேட்டாள். இல்லை என்று பதில் வந்தது.

"நிறுத்துங்க சார்."

நிறுத்தினார். திரைகள் இருண்டன. அறையில் குளிர்பெட்டிகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு எழுப்பினார். திரைகள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின.

"வந்துட்டு சார்" என்றாள் கோமதி.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். மூன்று பேரும் வேப்பமரத்து பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்திருந்த புளிசாதத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். தாணுமாலயன் இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டார். பல நாள்களுக்குப் பிறகு அவருக்கு அன்றுதான் பசித்திருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. காற்று பலமாக அடித்தது. வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"நாளைக்கும் வரட்டுமா?"

"வராம? வரிசையா வேலை கிடக்கு."

அவர் சிரித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நேத்து கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"அங்க நிறுத்துறதுக்கு முன்னால திரும்பிப் பாத்தீங்களே. என்ன பாத்தீங்க?"

"கோமதியை. பஞ்சை வெச்சுக்கிட்டு இருந்தாரே, அவரை."

"என்ன கட்டளை தட்டினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இல்ல டீச்சர். கை அதுபாட்டுக்குத் தட்டிச்சு."

ஜெபசீலி தலையாட்டினாள். பறந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"கை பழக்கத்துல தட்டட்டும், கண்ணு ஆளைப் பாக்கட்டும். உங்க ஃபைலைத் திரும்பப் போடுங்க அண்ணாச்சி. நிறுத்து, எழுப்பு, பார், எல்லாத்தையும் போடுங்க. எனக்கும் ஒண்ணு போட்டுத் தாங்க."

"எல்லா மெஷின்லயுமா?"

"எல்லா மெஷின்லயும்."

"அப்போ மறுபடியும் எல்லாம் ஒரே மாதிரி ஆகிடாதா டீச்சர்?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"'தாணு'வை மட்டும் எடுத்துருங்க. வாசல்ல அவங்கவங்க பேரு இருக்கட்டும் அண்ணாச்சி. உள்ள உங்க சாமான் இருந்துட்டுப் போகட்டும்."