நாய்ச் சபையில் பப்பாளி

ஓர் ஊரின் கடைத்தெருவில் ஒரு கறிக்கடையும் ஒரு பழவண்டியும் எதிரெதிரே இருந்தன. கறிக்கடை முனவ்வர் பாயுடையது. பழவண்டி பொற்கொடியுடையது. அந்தத் தெருவின் ஒன்பது நாய்களும் பாயின் கடைப்பக்கம் முகத்தை வைத்துத்தான் படுத்திருக்கும். பொற்கொடி பார்த்ததெல்லாம் ஒன்பது வால்களைத்தான்.

புரட்டாசி பிறந்தது. ஊர் கறியை விட்டது. அது மனிதர்களின் பக்தி, நமக்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால் மனிதர்கள் விரதம் இருந்தால் கறிக்கடை நாய்களும் கூடச் சேர்ந்து இருக்க வேண்டியதாகிவிடுகிறது. நாய்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புண்ணியத்தில் பங்கு உண்டு என்றும் சொல்லவில்லை.

முதல் வாரம் முடிவதற்குள் முனவ்வர் பாய் கத்தியைத் துடைத்து உள்ளே வைத்தார்.

"ஈ கூட வந்து உக்கார மாட்டேங்குது பொற்கொடி. மாசம் முடியட்டும். பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றார்.

"போயிட்டு வாங்க பாய். ஆமா, உங்க நாய்ங்கள என்ன பண்றது?"

"என் நாய்ங்களா? கழிவப் போட்டேன், தின்னுச்சுங்க. அதுக்காக ரேஷன் கார்டுலயா சேக்க முடியும்?"

ஷட்டர் இறங்கியது. நாய்கள் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தன. ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. ஷட்டரை நக்கிப் பார்த்ததில் துருதான் வந்தது.

ஒன்பதில் ஒருத்தி செவலை. உடைந்த சிமெண்டுத் தொட்டிக்குள் நான்கு குட்டிகள் வைத்திருந்தாள். குட்டிகளுக்கு மூன்று வாரம். பசி என்றால் பால், பால் என்றால் அம்மா என்று மட்டும் தெரிந்த வயது. மூன்றாம் நாள் காலையில் நான்கும் மாறி மாறி இழுத்தும் செவலையிடம் பால் வரவில்லை. கடைசிக் குட்டி அழுவதையும் நிறுத்திவிட்டது. செவலைக்குப் பயம் வந்தது. குட்டி அழுதால் தாங்கிக்கொள்ளலாம், அழாமல் கிடந்தால் எந்தத் தாய் தாங்குவாள்?

அந்த நேரம் பார்த்துப் பொற்கொடி ஒரு பப்பாளியைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று.

"இத இனி எவன் வாங்குவான்? இந்தா, குட்டிக்காரி, தின்னு" என்று விளக்குக் கம்பத்தடியில் வைத்தாள்.

செவலை எழுந்து போனாள். மூக்கை அருகில் கொண்டு போனதுதான் தாமதம், குறுக்கே கோணவாலன் வந்து நின்றான். எல்லா நாய்க்கும் வால் கோணல்தான். இவனுக்கு மட்டும் இரண்டு இடத்தில் கோணல். அதனால் தலைமை இவனிடம் இருந்தது.

"என்ன தங்கச்சி பண்ற?"

"பசிக்குது அண்ணே. பால் வத்திடுச்சு."

"பசிக்கட்டும். யாருக்குத்தான் பசிக்கல? நாய் பழம் தின்னுமா? நம்ம இயற்கை என்ன, நம்ம பரம்பரை என்ன? சபை கூடி முடிவு பண்ற வரைக்கும் யாரும் வாய் வைக்கக் கூடாது. வச்சா குட்டியோட தெருவ விட்டு வெளிய போகணும்."

நான்கு குட்டிகளை வைத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குப் போவது? அடுத்த தெரு நாய்கள் கடித்துக் குதறிவிடும். செவலை பப்பாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

சபை கூடியது. தலைமை தாங்க ஓர் எலும்பை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அது ஆடி மாதத்துத் தொடை எலும்பு. அதில் கறி போய், கொழுப்பு போய், உள்ளே இருந்த மஜ்ஜையும் போய், ஒரு பக்கம் எறும்பு ஏறி மறுபக்கம் இறங்கும் நிலையில் இருந்தது. தலைவர் பதவிக்கு அதைவிடத் தகுதி என்ன வேண்டும்?

எலும்பு தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"பெருமதிப்பிற்குரிய நாய்ப் பெருங்குடி மக்களே! நானே உங்கள் ஆதி உணவு. நானே உங்கள் பண்பாடு. நாய் எங்கே, பழம் எங்கே? 'நாய் பெற்ற தெங்கம்பழம்' என்று முன்னோர் சொல்லி வைத்திருக்கிறார்கள். தேங்காய் கிடைத்தாலும் நாய்க்குத் தின்னத் தெரியாது. ஆகவே கனி வர்க்கம் முழுவதும் நமக்கு ஆகாது என்பது தெள்ளத் தெளிவு!"

எட்டு நாய்களும் வாலை ஆட்டின. பசியில் வால் பாதிதான் ஆடியது.

"அது தேங்காய யாரும் உடைச்சுத் தராததால வந்த பழமொழி" என்றாள் செவலை. "போன மாசம் கோயில் வாசல்ல செதறு தேங்கா உடைச்சப்போ முதல்ல ஓடுனது யாரு? கோணவாலண்ணன்தானே?"

கோணவாலன் வானத்தைப் பார்த்தான்.

"சரி, தயிர்சாதம் தின்னோம். அது நம்ம இயற்கையா?" என்று மறுபடி கேட்டாள்.

"அது பழக்கம்" என்றது எலும்பு.

"டீக்கடை பன்னு?"

"அது அன்பளிப்பு."

"மெடிக்கல் ஷாப்காரர் செருப்பு?"

"அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்கை உணவோடு சேர்த்துக் குழப்பக் கூடாது."

"அப்ப நாம எதையும் தின்னலாம், கண்ணெதிர்ல கிடக்கறத மட்டும் தின்னக் கூடாது. அப்படித்தானே?"

"குறுக்கே பேசாதே! சபைக்கு மரியாதை வேண்டும்" என்றது எலும்பு.

இதுவரை பப்பாளி சும்மா கிடந்தது. இப்போது மெல்லச் சொன்னது: "நான் நாய்க்கு ஏத்ததா இல்லையான்னு எனக்குத் தெரியாதுங்க. நாளைக்கு மறுநாள் நான் அழுகிடுவேன். அது மட்டும் நிச்சயமாத் தெரியும்."

வழக்குக்குச் சம்பந்தம் இல்லாத பேச்சு என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

மெடிக்கல் ஷாப்புக்கு மேலே முதல் மாடி பால்கனியில் டைகர் என்றொரு லாப்ரடார் இருந்தான். பெயர்தான் டைகர். பல்லியைப் பார்த்தால் சோபாவுக்கு அடியில் போய்விடுவான். அவன் பக்கத்தில் அவனுடைய தீனிப்பை சாய்ந்து நின்றது. பையின் முகப்பில் பனிமலை மேல் ஓர் ஓநாய் நின்று ஊரையே முறைத்துக்கொண்டிருந்தது. கீழே நடந்ததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த டைகருக்கு அறிவைப் பகிராமல் இருக்க முடியவில்லை.

"ஹலோ, கீழ இருக்கறவங்களே! நாமெல்லாம் ஓநாயோட வாரிசு. ஓநாய் பழம் சாப்பிடாது."

"நீ ஓநாயப் பாத்திருக்கியா?" என்று கோணவாலன் மரியாதையோடு கேட்டான்.

"தினமும் பாக்கறேன். இதோ, பையில."

கீழே இருந்த எட்டு நாய்களும் பையை அண்ணாந்து பார்த்துக் கும்பிடாத குறையாக நின்றன. பைக்கு அந்தப் பார்வை போதையாக ஏறியது. ஜரிகை வைத்த உடம்பைச் சரசரவென்று விறைத்துக்கொண்டு பேசத் தொடங்கியது.

"நண்பர்களே, இயற்கை என்றால் நான்தான். காட்டு ஓநாயின் சாப்பாட்டை அப்படியே அரைத்து, உருட்டி, காய வைத்து என்னுள் அடைத்திருக்கிறார்கள். என் முதுகைப் பாருங்கள், எல்லாம் அச்சடித்திருக்கிறது. கோழிக்கறித் தூள், மீன் எண்ணெய், மக்காச்சோளம், பூசணி, உலர்ந்த ஆப்பிள்..."

பை நின்றது. சபையும் நின்றது.

"என்ன சொன்னீங்க? கடைசியா?" என்றாள் செவலை.

"மீன் எண்ணெய்."

"அதுக்கப்புறம்."

பை கொஞ்சம் சுருங்கியது. பிறகு சமாளித்துக்கொண்டது. "ஆப்பிள் வேறு, உலர்ந்த ஆப்பிள் வேறு. பழம் மரத்தில் இருந்தால் பழம். தெருவில் கிடந்தால் குப்பை. என்னுள் வந்துவிட்டால் சத்து!"

இதைக் கேட்டுச் சபை கை தட்டியது. நாய் எப்படிக் கை தட்டும் என்று கேட்காதீர்கள். மாடியிலிருந்து வரும் பேச்சுக்குத் தட்டத் தெரியாத கை எந்த ஜாதியிலும் கிடையாது.

மறுநாளும் சபை கூடியது. இயற்கை என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும் என்றது எலும்பு. ஓநாயையே நேரில் கேட்டுவிடலாம் என்று ஒரு நாய் சொல்லிற்று. மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். குழு தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஓநாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டு நிழலில் படுத்துக்கொண்டது.

அப்போது தொட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று சொல்ல முடியாது, அவ்வளவு மெலிந்த சத்தம். செவலை போய் எட்டிப் பார்த்தாள். கடைசிக் குட்டி தலையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கீழே வைத்தது.

செவலைக்கு ஆத்திரம் பொங்கியது. எலும்பின் மேல், பையின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக இரண்டு நாளாக இவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தன் மேலேயே ஆத்திரம் வந்தது. இயற்கை எதுவோ இருந்துவிட்டுப் போகட்டும், பெற்ற பிள்ளை கண்ணெதிரே சாகிறது. அவள் நேரே கம்பத்தடிக்கு வந்தாள். சபை முழுவதும் பார்க்க, பட்டப்பகலில், பப்பாளியில் வாயை வைத்தாள்.

"வந்துட்டியா?" என்றது பப்பாளி. "மெதுவாத் தின்னு தாயி. நடுவுல விதை இருக்கு, அத ஒதுக்கிடு. அவசரத்துல தொண்டையில மாட்டிக்கப் போகுது."

செவலை விதையை ஒதுக்கிவிட்டுத் தோலோடு ஒட்டியிருந்த சதை வரை வழித்துத் தின்றாள். பொற்கொடி அதைப் பார்த்துவிட்டு, மிச்சம் கிடந்த இரண்டு கொய்யாவையும் மதியம் கட்டி வந்த சோற்றில் ஒரு பிடியையும் கொண்டு வந்து வைத்தாள். "தின்னு, தின்னு. புள்ள பெத்தவளுக்கு என்ன புரட்டாசி" என்றாள். குடிக்கத் தண்ணீரும் ஊற்றினாள்.

சபையில் ஒரே அமளி. "அநியாயம்!" என்றது எலும்பு. "என் கண்ணெதிரேயே!" என்றது பை. கோணவாலன் பாய்ந்து தடுக்கத்தான் நினைத்தான். எழுந்ததும் தலை சுற்றியது. அதனால் கண்டனத்தைப் படுத்தபடியே பதிவு செய்தான்.

மறுநாள் விடிந்தபோது செவலைக்குப் பால் இறங்கியிருந்தது. நான்கு குட்டிகளும் வயிறு புடைக்கக் குடித்தன. கடைசிக் குட்டி முந்திக்கொண்டு அண்ணன் தலைமேல் ஏறி மிதித்தது. செவலை அதை நக்கிக் கொடுத்தபடி, இனி யார் என்ன சொன்னாலும் சரி என்று கிடந்தாள்.

அன்று தீர்ப்பு நாள். எலும்பு எழுந்து நின்றது, அதாவது இரண்டு நாய்கள் அதை நிமிர்த்திப் பிடித்தன.

"தீர விசாரித்ததில், பழம் நாயின் இயற்கை உணவு அல்ல என்று இச்சபை ஐயம் திரிபற முடிவு செய்கிறது. பழம் தின்ற உயிர் நாயே அல்ல. நாய் அல்லாத ஒன்றுக்கு நாய்களின் தெருவில் இடமில்லை. செவலையும் அதன் குட்டிகளும் உடனே வெளியேற வேண்டும். இத்தீர்ப்பைத் தெருமுனையில் நின்று மூன்று முறை குரைத்து ஊரறியச் செய்க!"

தெருமுனையில் குரைக்காத தீர்ப்பு செல்லாது. அது அந்தத் தெருவின் சட்டம். கோணவாலன் கஷ்டப்பட்டு எழுந்து முனைக்குப் போனான். கழுத்தை நீட்டினான். வாயைத் திறந்தான்.

காற்றுதான் வந்தது.

மறுபடி முயன்றான். இருமல் வந்தது. ஐந்து நாள் பட்டினி கிடந்த வயிற்றில் குரைப்பு எங்கே இருக்கும்? அடுத்த நாய் வந்தது. அது வாயைத் திறந்தவுடன் முன்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. மற்ற ஆறும் தங்களைக் கூப்பிடாமல் இருக்க வேண்டுமே என்று கண்ணை மூடிக்கொண்டன.

எல்லோரும் பால்கனியைப் பார்த்தார்கள்.

"நானா?" என்றான் டைகர். "எனக்குக் குரைக்கத் தெரியாதே. இது அப்பார்ட்மெண்ட். குரைச்சா அசோசியேஷன்ல புகார் பண்ணுவாங்கன்னு சின்ன வயசுலயே கிளாஸ் வச்சு நிறுத்திட்டாங்க."

"நீ ஓநாயோட வாரிசாச்சே!"

"வாரிசுதான். சத்தம் மட்டும் வராது."

அன்று காலைதான் பையின் கடைசிப் பிடியையும் கிண்ணத்தில் கொட்டியிருந்தார்கள். காலியான பிறகு அது காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது, ஓநாயும் கூடவே மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

எலும்புக்கும் கோணவாலனுக்கும் நடுவே கொஞ்ச நேரம் கிசுகிசுப்பு நடந்தது. பிறகு கோணவாலன் தள்ளாடித் தள்ளாடித் தொட்டிக்கு வந்தான். ஐந்து நாளில் முதல் முறையாக அவன் குரல் தழைந்திருந்தது.

"தங்கச்சி... தெருவுலேயே நீ ஒருத்திதான் கொஞ்சம் தெம்பா இருக்க. சபை மானம் உன் கையிலதான் இருக்கு. முனைக்கு வந்து ஒரு மூணு தடவ குரைச்சுக் குடுத்துடேன்."

செவலை தலையைத் தூக்கினாள். "என்னன்னு குரைக்கணும் அண்ணே?"

"அதான்... நீ நாயில்லன்னு."

கடைசிக் குட்டி பால் குடிப்பதை விட்டுவிட்டு மாமனை ஒரு தரம் பார்த்தது. பிறகு மறுபடி மடியில் முகத்தைப் புதைத்தது. குட்டி நிம்மதியாகக் குடிக்கட்டும் என்று செவலை நன்றாகச் சாய்ந்து படுத்துக்கொண்டாள்.

"நாய்தானே அண்ணே குரைக்கணும்?" என்றாள். "உங்க சபையில நாய் யாராவது இருந்தா, குரைக்கச் சொல்லுங்க."