வெள்ளைப் புள்ளிப் பாறை

வடகோடிக் கடலில் ஒரு விரிகுடா. அதன் நடுவே ஒரு தட்டைப் பாறை. அங்கே நாற்பது கடல்நாய்கள் வாழ்ந்தன. நாற்பதுக்கும் தொண்டையில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது.

குட்டி பிறந்த மூன்றாம் நாள் அதை மல்லாத்திப் போட்டுத் தொண்டையைப் பார்ப்பார்கள். புள்ளி இருந்தால் பாறையில் இடம் உண்டு. இல்லாமல் போனதே கிடையாது. அப்படியும் அந்தச் சடங்கில் அத்தனை பேருக்கும் தலைகால் தெரியாத பெருமை!

விரிகுடாவின் வாயைப் பெரிய பனிச்சுவர் ஒன்று தலைமுறை தலைமுறையாக அடைத்து நின்றது. ஒரு கோடையில் அது உருகி உடைந்தது. வெளிக்கடலின் கடல்நாய்கள் உள்ளே வந்தன. அவற்றுக்குப் புள்ளி இல்லை.

பாறையில் பிறந்த செவ்விழி, வெளியிலிருந்து வந்த நெடுநீந்தியோடு சேர்ந்து வாழ்ந்தது. அடுத்த ஆண்டு ஒரு குட்டி பிறந்தது. மூன்றாம் நாள் மல்லாத்திப் பார்த்தார்கள். தொண்டை வெறுமையாக இருந்தது.

"தூக்கிக் கடலில் போடு!" என்றது தலைவன் பெருந்தாடை.

"பச்சைக் குட்டி ஐயா! இன்னும் கொழுப்பே வைக்கவில்லை. தண்ணீரில் விட்டால் விறைத்துச் செத்துப்போகும்!" என்று கெஞ்சியது செவ்விழி.

"அந்த ஊர்சுற்றியோடு போகும்போது இந்த யோசனை எங்கே போயிருந்தது? எங்கள் பாறையில் கலப்புக்கு இடமில்லை!"

மற்றவை வழிவிட்டு ஒதுங்கின. செவ்விழியைப் பெற்ற தாயும் அங்கேதான் கிடந்தது. அது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

அப்போது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ஒரு திமிங்கிலம் மேலே வந்தது. வந்ததும் சிரித்தது.

"கலப்பா? அட பெருந்தாடை! நீங்கள் எல்லோரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்டா! அந்தக் காலத்துக் கடுங்குளிரில் கடல் உறைந்து உங்களை உள்ளேயும் வெளியேயுமாகப் பிரித்தது. உள்ளே மாட்டியதில் பிழைத்தது மூன்றே மூன்று. அதில் ஒருத்திக்குத் தொண்டையில் புள்ளி. எங்கள் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. வேறு ஆள் இல்லாமல் உங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டீர்கள், எல்லோருக்கும் புள்ளி வந்தது. சாவுக்குத் தப்பியதன் தழும்பைப் போய்ப் பட்டம் என்கிறாயே!"

"உன்னிடம் யாரும் கேட்கவில்லை, கொழுப்பு மூட்டை! வந்த வழியே போ!"

பெருந்தாடை குட்டியை மூக்கால் தள்ளியது. செவ்விழி பாய்ந்து பெருந்தாடையின் கழுத்தைக் கடித்தது.

"தொடாதே! என் குட்டியை நானே கொண்டுபோகிறேன். நீங்களெல்லாம் ஒரு கூட்டமா? தூ!"

நெடுநீந்தி ஒரு பனிப்பாளத்தைத் தள்ளிக்கொண்டு வந்தது. குட்டியை அதில் ஏற்றி, விரிகுடாவைத் தாண்டி இருவரும் போய்விட்டார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் ஓர் இருமல் நோய் வந்தது. வெளிக்கடலில் சில செத்தன, பல தேறின. அங்கே ரத்தம் பலவிதம். பாறையில் எல்லாம் ஒரே ரத்தம். ஒன்றைச் சாய்த்த நோய்க்கு மற்றதைச் சாய்ப்பது சிரமமாக இல்லை. நோய் ஓய்ந்தபோது பெருந்தாடையும் ஆறு இளம் பெண்களும்தான் மிச்சம்.

பெருந்தாடை மூச்சு வாங்க நீந்தி வெளிக்கடலுக்கு வந்தது. ஆறு பெண்களும் பின்னால் வந்தன. அங்கே செவ்விழியின் குட்டி ஒரு மீனைத் துரத்திக்கொண்டிருந்தது.

"அம்மா, செவ்விழி! நடந்தது நடந்துவிட்டது. உன் கூட்டத்தைப் பாறைக்கு அழைத்து வா. எங்கள் வம்சம் அழியக் கூடாது!"

"இப்போது நான் அம்மாவா? என் தாய் செத்த சேதியைக்கூட நீ சொல்லி அனுப்பவில்லை! அந்த ஆறு பெண்களை இங்கே அனுப்பு. அவர்கள் பிழைக்கட்டும். நீ மட்டும் இந்தப் பக்கம் தலைகாட்டாதே!"

ஆறு பெண்களும் பெருந்தாடையைக் கடந்து செவ்விழியிடம் நீந்திப் போயின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

காலம் பிரித்துப் போட்டதைப் பிறவி உயர்வு என்று சொல்லிச் சொந்த ரத்தத்தைத் துரத்துகிறவன், தன் வம்சத்துக்குத் தானே குழி வெட்டுகிறான்.