அர்த்தநாரி ஸ்பேனர் கேட்ட விதம்

திருச்செங்கோட்டிலிருந்து ஜெர்மனிக்கு வேலைக்குப் போன அர்த்தநாரிக்கு நாற்பத்தேழு வயது. அவருக்கு ஜெர்மன் சொல்லிக்கொடுத்த நிரோஜாவுக்கு இருபத்தொன்பது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு ஜெர்மனியிலேயே பிறந்தவர். மாலையில் தன் சமையலறையிலேயே பாடம் நடத்துவார்.

ஒரு நாள் அர்த்தநாரி நொண்டிக்கொண்டு வந்தார்.

“காலுக்கு என்ன அண்ணை?”

“மெஷின் மூடி விழுந்துருச்சுங்க டீச்சர்.”

“எப்பிடி விழுந்தது?”

“ஸ்பேனர் கேட்டனுங்க.”

நடந்தது இதுதான். தொழிற்சாலையில் அவர் ஒரு கனத்த மூடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தார். ஸ்பேனர், கூட வேலை செய்யும் உவேயின் பக்கத்தில் கிடந்தது. அர்த்தநாரி பாடப் புத்தகத்தில் படித்தபடியே, “மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அன்புகூர்ந்து அந்த ஸ்பேனரை எனக்கு...” என்று ஜெர்மனில் ஆரம்பித்தார். யார் அந்த ஐயா என்று உவே திரும்பிப் பார்த்தார். வினைச்சொல் வருவதற்குள் மூடி வந்துவிட்டது.

“ஆளுங்ககிட்டக் கேட்டு வேலை செய்யத் தெரியலைன்னா குடோனுக்குப் போயிருன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாருங்க. சாப்பிடறப்பவும் தனியாத்தான் உக்காந்திருக்கேன். உப்புக் கேட்டாக்கூட எந்திரிச்சு நிக்கறாங்க.”

“‘கிப் மால்’ எண்டு கேளுங்கோ.”

அர்த்தநாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “‘கிப்’னா ‘குடு’ங்களே! பெத்த பையன்கிட்டக்கூட நான் அப்படிக் கேட்டதில்லீங்க.”

“அதுக்குத்தான் ‘மால்’.”

“மாலுன்னா?”

“முதல்ல கேட்டுப் பாருங்கோ.”

மறுநாள் மறுபடியும் அதே மூடி. அர்த்தநாரி அதைத் தோளில் தாங்கி, ஒரு கையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, “கிப் மால் டென் ஷ்லுஸல்!” என்றார். திட்டு விழும் என்று நினைத்தார். கையில் ஸ்பேனர் விழுந்தது.

மதியம் உவே தட்டைத் தூக்கிக்கொண்டு அவருடைய மேசைக்கே வந்துவிட்டார். அர்த்தநாரியின் மாங்காய் ஊறுகாயைக் காட்டி, “கிப் மால்!” என்றார். ஒரு வாய் தின்றார். முகம் சிவந்தது. “கிப் மால் வாஸர்!” என்று தண்ணீருக்குக் கை நீட்டினார். மேசையே சிரித்தது. அர்த்தநாரியும் சிரித்தார்.

ஆனால் மாலையில் நிரோஜாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏன், ஸ்பேனர் தரேல்லையோ?”

“தந்தாருங்க. ஆனா அகராதியில பார்த்தனுங்க டீச்சர். ‘மால்’னா ‘ஒரு தடவை’ன்னு போட்டிருக்குது. ஒரு தடவை குடுன்னு சொல்றதுல மரியாதை எங்கீங்க இருக்குது? இன்னொரு தடவை குடுத்தா வேண்டாங்களா? இது தெரியாம எனக்குத் தூக்கம் வராது.”

நிரோஜா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பார்வை அடுப்புப் பக்கம் போனது. பால் விளிம்புக்கு வந்திருந்தது.

“அண்ணை, அந்தப் பாலை ஒருக்கா இறக்கி வையுங்கோ!”

அர்த்தநாரி நொண்டிக் காலோடு பாய்ந்து போய்ப் பாத்திரத்தை இறக்கினார். இரண்டு சொட்டுத்தான் சிந்தியது.

நிரோஜா அவரைப் பார்த்தார்.

“ஒருக்கா எண்டுதானே சொன்னனான். நாளைக்குப் பொங்கினால் இறக்க மாட்டியளோ?”