காம்பைக் கிள்ளிய செயலாளர்

ஏரிக்கரையின் அடியில் ஒரு முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தாள். பெயர் முள்ளழகி. வளைக்குள் பிறந்து ஒரு மாதமான குட்டிகள் இரண்டு. பகலெல்லாம் அவை அடித்துப் போட்டாற்போலத் தூங்கும். முள்ளழகிக்குத் தூங்க நேரம் ஏது? அவள்தான் வனத் தகவல் தொடர்பு அறிஞர் சங்கத்தின் செயலாளர்.

அந்தச் சங்கத்தார் லேசுப்பட்டவர்கள் இல்லை. மான் எதற்குக் கத்துகிறது, மந்தி எதற்கு உறுமுகிறது, ஒரு காக்கை கரைந்தால் ஒன்பது காக்கை ஏன் கூடுகிறது என்று ஆராய்ந்து ஆராய்ந்தே வயதானவர்கள். ஆண்டுதோறும் ஆடி மாதம் மாநாடு கூட்டிக் கட்டுரை வாசிப்பார்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் தங்கள் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். எங்கும் நடப்பதுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன ஆண்டு மாநாடு மட்டும் நாறிப்போனது. கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நரியிடம் கொடுத்திருந்தார்கள். நரி தன் மச்சானுடைய கட்டுரையை முதலாவதாக வைத்தது. காட்டுக்கோழி தட்டிக் கேட்டது. பேச்சு முற்றி, இறகு பறந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கூட்டம் கலைந்துவிட்டது. பழி முழுவதும் முள்ளழகி தலையில் விழுந்தது.

"இந்த வருஷமும் இப்படி ஆச்சுன்னா, செயலாளர் பதவியை வேறு யாருக்காவது கொடுத்துடுவோம்" என்றார் சங்கத் தலைவர் நாரையார். ஒற்றைக் காலில் நின்றபடி அவர் சொன்னால் சொன்னதுதான்.

முள்ளழகி யோசித்தாள். ஒரு விதி கொண்டுவந்தாள். கட்டுரை பூவரச இலையில் வரவேண்டும். யார் எழுதியது, எங்கிருந்து, யாருக்கு என்பதெல்லாம் காம்புப் பக்கம். விஷயம் நுனிப் பக்கம். இலை வந்ததும் செயலாளர் அதைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கீறிவிட்டுக் காம்புப் பக்கத்தைக் கடித்துத் துண்டாக்கிவிடுவார். தேர்வாளருக்கு நுனிப் பக்கம் மட்டுமே போகும். எழுதியவர் மச்சானா, மாமியாரா என்று யாருக்கும் தெரியாது.

முள்ளழகி ஒரு படி மேலே போனாள். காம்பைக் கடிக்கும்போது தன் கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். துண்டுகளைச் சுரைக்குடுக்கையில் போட்டு வாயை அடைத்தாள். "நானே பார்க்க மாட்டேன். அப்புறம் யார் என்னைக் கேட்பது?" என்று சொல்லிக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, நேர்மையானவள்தான்.

அந்த ஆண்டுத் தலைப்பு 'எச்சரிக்கைக் குரல்கள்: ஒரு மறுபார்வை'. இடம், முள்ளழகியின் வளைக்குப் பக்கத்திலேயே இருந்த புல்வெளி. கரைச் சரிவில் மோதிக் குரல் கணீரென்று கேட்கும் என்று நாரையாரே வந்து கூவிப் பார்த்துவிட்டுப் போனார். மேற்கே மலையில் நல்ல மழை. கால்வாய் வழியே தண்ணீர் வந்து ஏரியும் நிறைந்துகொண்டிருந்தது. பின்னால் நிறைந்த ஏரி இருந்தால் மேடைக்கு அழகுதானே என்றார் நாரையார்.

இலைகள் வந்து குவிந்த நேரத்தில் ஒரு ஆள்காட்டிக் குருவி மூச்சு வாங்கப் பறந்து வந்தாள். கரை மேல் நாலு முட்டை இட்டு அடைகாப்பவள். கணவனை முட்டைமேல் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அம்மா, ஒரு விஷயம். நம்ம கரை..."

"எழுத்துல கொடுங்க" என்றாள் முள்ளழகி, தலையைத் தூக்காமல்.

"எழுதற விஷயம் இல்லம்மா. ஒரு நிமிஷம் வந்து பார்த்தீங்கன்னா..."

"நேர்ல வந்தவங்க கிட்ட நான் பேசினா, அவங்களுக்குச் சலுகை காட்டினதா ஆயிடும். போன வருஷம் பட்டது போதும் தாயே. இலையில எழுதிப் போடுங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

ஆள்காட்டி இரண்டாம் தரம் வந்தாள். அதே பதில். அலுவலகம் என்றால் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டு, மூன்றாம் தரம் ஒரு பூவரச இலையில் அலகால் குத்திக் குத்தி எழுதிக் கொண்டுவந்து குவியலில் போட்டுவிட்டுப் போனாள். அந்த நேரம் பார்த்து முள்ளழகி சமையல் பொறுப்பாளரிடம் கிழங்குக் கணக்குக் கேட்கப் போயிருந்தாள். திரும்பி வந்து நாற்பத்தேழு என்று எண் கீறினாள். கண்ணை மூடினாள். நறுக்.

நாற்பத்தேழாம் இலை இரண்டு தேர்வாளர்களிடம் போனது. ஒருவர் ஆமையார், இன்னொருவன் ஓணான். இலையில் இருந்தது இவ்வளவுதான்:

'மதகுக்கு இடப்பக்கம் கரை கசிகிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒன்பது நாளாய்ப் பார்க்கிறேன். முதல் நாள் வியர்வை போல இருந்தது. ஐந்தாம் நாள் எலிவால் கனத்துக்குத் தண்ணீர் வந்தது. இன்று அது கலங்கி வருகிறது. கலங்கி வந்தால் கரை உள்ளே அரிக்கிறது என்று அர்த்தம். கீழே இருப்பவர்கள் உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள்.'

ஓணான் இலையைப் படித்துத் தலையை ஆட்டினான். ஆட்டினால் சம்மதம் என்று நினைத்துவிட வேண்டாம். 'பார்த்தது யார்? எந்த ஏரி? எந்தக் கரை? எதுவும் சொல்லப்படவில்லை. தவிர, வேலைவெட்டி உள்ள எவரும் ஒன்பது நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். நம்பும்படி இல்லை' என்று எழுதி மறுநாளே அனுப்பிவிட்டான்.

ஆமையார் நிதானமாக நடந்து, நிதானமாகப் படித்து, மாநாட்டுக்கு முதல் நாள்தான் கருத்தைச் சேர்ப்பித்தார். 'பயனுள்ள முயற்சி. ஆனால் முடிவுக்கு அவசரப்பட்டு வந்திருக்கிறார். "உடனே" என்ற சொல் ஆய்வு நடைக்குப் பொருந்தாது. திருத்தி அடுத்த ஆண்டு அனுப்பலாம்.'

இரண்டையும் முள்ளழகி படித்தாள். இலையையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். எங்கேயோ ஒரு கரை கசிகிறதாம், பாவம், அங்கே யார் யார் குடியிருக்கிறார்களோ என்று நினைத்தாள். பிறகு நிராகரிப்புக் கட்டில் அதைச் செருகிவிட்டு, மாநாட்டுக்கு வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் கழுத்தட்டைகள் காய்ந்துவிட்டனவா என்று பார்க்கப் போனாள்.

மறுநாள் காலை மாநாடு தொடங்கியது. காடே வந்திருந்தது. நாரையார் வரவேற்புரையைப் பிடித்துக்கொண்டார். அவர் இப்போதைக்கு விடமாட்டார் என்று முள்ளழகிக்குத் தெரியும். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, நிராகரிப்புக் கடிதங்களை அனுப்பிவிடலாமே என்று சுரைக்குடுக்கையைத் திறந்தாள். தேர்வான கட்டுரைகளின் காம்புகளை முன்பே எடுத்தாகிவிட்டது. தேறாதவர்கள் பெயரை அதுவரை யாரும் பார்க்கவில்லை.

நாற்பத்தேழாம் காம்பு கையில் வந்தது.

'அனுப்புபவர்: ஆள்காட்டி. இடம்: நம் ஏரிக்கரை, நான் அடைகாக்கும் இடம். யாருக்கு: கரைக்கு நேர்கீழே குட்டிகளோடு இருக்கும் முள்ளழகி அம்மாவுக்கு.'

முள்ளழகிக்கு முள்ளெல்லாம் குத்திட்டு நின்றன. ஓடிப்போய் மேடையில் ஏறினாள்.

"எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க. கரை உடையப் போகுது."

நாரையார் முகம் சுளித்தார். "செயலாளரே, கேள்வி நேரம் கடைசியில."

தலைக்கு மேலே ஆள்காட்டி வட்டமிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். முன்வரிசைக்காரர்கள் குறிப்பெடுத்தார்கள். "நாலு அசை. மூணாவது நீளுது" என்றான் ஓணான். "இல்லை, இரண்டாவதுதான்" என்றார் ஆமையார்.

முள்ளழகி அதற்குமேல் நிற்கவில்லை. வளையை நோக்கி ஓடினாள். பாதி வழியிலேயே கால் நனைந்தது. மதகின் இடப்பக்கம் மண் மடமடவென்று சரிந்தது. செம்மண் தண்ணீர் ஆளுயரம் பாய்ந்து வந்தது. வளையிருந்த இடமே தெரியவில்லை. குட்டிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். தண்ணீர் அவளைப் புரட்டி ஒரு கருவேலம் புதரில் கொண்டுபோய்ச் சாத்தியது. அங்கிருந்து தொற்றி மேட்டில் ஏறினாள்.

மேட்டில், புளியமரத்தடியில், குட்டிகள் இரண்டும் சேறும் சகதியுமாக நின்றுகொண்டிருந்தன.

"அந்தக் குருவி அத்தை வளைக்குள்ள வந்து கொத்துகொத்துன்னு கொத்திச்சும்மா" என்றது ஒரு குட்டி. "எழுந்திரு, ஓடுன்னுச்சு. ஓடி வந்துட்டோம்."

"எதுக்குன்னு கேட்கலையா?"

"ஓடுன்னா ஓடணும்தானே?"

முள்ளழகி இரண்டையும் அணைத்துக்கொண்டு அழுதாள். அழுகை அடங்கிய பிறகுதான் ஆள்காட்டியைப் பார்த்தாள். கணவனும் மனைவியுமாகச் சற்றுத் தள்ளி நின்றிருந்தார்கள். ஆள்காட்டி கத்துவதை நிறுத்தியிருந்தாள்.

"உங்க முட்டைங்க?" என்று கேட்டாள் முள்ளழகி.

"கரையில இருந்துச்சும்மா" என்றாள் ஆள்காட்டி. "கடைசிவரைக்கும் இவர் அதும்மேலதான் உட்கார்ந்திருந்தார். குட்டிங்களைத்தான் ஓடச் சொல்லலாம். முட்டையை என்னன்னு சொல்றது?"

முள்ளழகிக்கு மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருந்தது.

சங்கத்தாருக்கு உயிர்ச்சேதம் இல்லை. சிறகுள்ளவர்கள் பறந்தார்கள். ஆமையார் மிதந்தார். ஓணான் ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான். மற்றவர்கள் முள்ளிலும் சேற்றிலும் விழுந்து எழுந்து ஒவ்வொருவராக மேட்டுக்கு வந்தார்கள்.

நாரையார் இறகை உதறிவிட்டு ஒற்றைக் காலில் நின்றார்.

"செயலாளரே, மனசைத் தளரவிடாதீங்க. அடுத்த வருஷத் தலைப்பு கிடைச்சாச்சு. 'வெள்ளமும் எச்சரிக்கையும்'. இதைக் கண்ணால பார்த்தவங்க யாராவது இருந்தா, ஒரு கட்டுரை கேட்டு வாங்குங்க."

"அவங்க எழுதிட்டாங்க ஐயா" என்றாள் முள்ளழகி. "நாமதான் தேறலைன்னு வெச்சுட்டோம்."

கழுத்தில் தொங்கிய செயலாளர் அட்டையைக் கழற்றி அவர் காலடியில் வைத்துவிட்டு, ஆள்காட்டி இருந்த பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நமக்கு வந்த எச்சரிக்கையை யாருக்கோ வந்ததுபோல் வைத்து எடைபோட்டுக்கொண்டிருந்தால், நமக்குப் புரிவதற்குள் அதன் விலையை வேறொருவர் கொடுத்து முடித்திருப்பார்.