துணி அடைத்த கிட்டார்

"இது என்ன மாடல்னு சொல்லிடுங்க டீச்சர். இதோட அஞ்சாவது கடை. கால் ஓஞ்சு போச்சு."

சவரிராயன் கிட்டார் பெட்டியை மேசைமேல் வைத்தார். யாரும் சொல்லாமலே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்று எட்டு வருடம். மனைவி பிலோமினா இறந்து ஐந்து மாதம்.

கனகவேணி கிட்டார் பழுது பார்ப்பவள். அவரைவிட இருபது வயது இளையவள். சந்தேகம் வந்தால் மற்ற கடைக்காரர்களே அவளிடம்தான் வருவார்கள். அதனால் போத்தனூரில் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

"யாருங்க வாசிச்சது?"

"வீட்டுக்காரி. சர்ச்சுல, ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸுல. முப்பத்தோரு வருஷம்."

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"மகளும் இதையேதான் கேட்டா. அம்மா என்ன கிட்டார் வாசிச்சாங்கன்னுகூடத் தெரியாதாப்பா, கூடவேதானே இருந்தீங்கன்னு."

மகள் அப்படிக் கேட்ட நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கனகவேணி பெட்டியைத் திறந்தாள். கருஞ்சிவப்பு. ஒல்லியான உடம்பு. நெஞ்சில் இரண்டு பக்கமும் வளைந்த நீள ஓட்டைகள். இரண்டிலும் கறுத்துப்போன துணி அடைத்திருந்தது. தலையில் கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருந்தது.

"நாலு கடையில என்னங்க சொன்னாங்க?"

"நாலு விதமாச் சொன்னாங்க. ஒருத்தர் இந்தக் குமிழைப் பார்த்துச் சொன்னார்."

"இது பழைய ரேடியோக் குமிழுங்க."

"இன்னொருத்தர் கம்பிக்குக் கீழ இருக்கிற பிக்கப்பை வெச்சு."

"ரெண்டு பிக்கப்பும் ரெண்டு ஜாதி. ஒண்ணு பின்னால மாத்துனது."

"மேலே கம்பி முறுக்குற கீயை வெச்சு ஒருத்தர்."

"அதுவும் மாத்துனதுங்க."

"அப்போ இதுல எதுதாம்மா அவளோடது?"

கனகவேணி விரலை மடக்கி, கிட்டாரை ஓரத்தில் தட்டினாள். பிறகு நடுவில் தட்டினாள்.

"என்ன கேக்குதுங்க?"

"தட்டிப் பார்த்து வாங்க இதென்ன தேங்காயாம்மா?"

"கேளுங்க."

அவர் குனிந்து கேட்டார். "ஓரத்துல டொம்முங்குது. நடுவுல டக்குனு நிக்குது."

"நடுவுல கட்டை ஓடுதுங்க. ரெண்டு பக்கமும் வெறும் கூடு. முழுக்கக் கூடா இருந்தா ஸ்பீக்கர் பக்கத்துல ஊளையிடும். அதை அடக்கத்தான் கட்டை."

"துணியும் அதுக்குத்தானாம். கடைக்காரங்க சொன்னாங்க."

"கட்டை இருக்கறப்ப துணி எதுக்குங்க?"

அவர் குனிந்து துணியைப் பார்த்தார். கனகவேணி ஓட்டையைக் காட்டினாள்.

"இந்த ஓட்டைக்குள்ள ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். மாடல், நம்பர் எல்லாம் அதுலதான். துணியை எடுத்தாத் தெரிஞ்சு போகும். நாலு கடையிலயும் இதைச் சொல்லலீங்களா?"

"சொன்னாங்க."

"எடுக்க விட்டீங்களா?"

சவரிராயன் தன் செருப்பைப் பார்த்தார்.

"அவ கையால வெச்சது."

கனகவேணி ஓர் இடுக்கியை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அடுத்த மேசைக்குப் போய் வேறொரு கிட்டாருக்குக் கம்பி கட்ட ஆரம்பித்தாள்.

வெளியே ஒரு கூட்ஸ் வந்தது. அதன் கடைசிப் பெட்டியும் கடந்து போகும்வரை அவர் இடுக்கியைத் தொடவில்லை.

பிறகு இழுத்தார்.

வெளியே தெரிந்த நுனி மட்டும்தான் கறுப்பு. உள்ளிருந்து வந்தது பச்சை. அடுத்த ஓட்டையிலும் அதே பச்சை. ஒரே துணி, இரண்டாகக் கிழித்தது. ஓரத்தில் கம்பு செருகும் மடிப்பு.

"இது என் கொடி."

கனகவேணி திரும்பினாள்.

"டியூட்டிக் கொடி டீச்சர். கிழிஞ்சதைத் திருப்பிக் குடுத்தாத்தான் புதுசு தருவாங்க. வீடு பூரா தேடினேன். காத்துல பறந்திருக்கும்னு சொன்னா மகராசி. அதுக்கு மெமோ வேற வாங்கினேன்."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"வீட்டுல எப்பங்க வாசிப்பாங்க?"

"வீட்டுல நான் கேட்டதே இல்லையே. எனக்கு ராத்திரி வண்டி. காலைல வந்து படுத்தா, சாயங்காலம்தான் முழிப்பேன்..."

கையிலிருந்த பச்சைத் துணியைப் பார்த்தார்.

கனகவேணி வந்து தடித்த கம்பியைக் கட்டை விரலால் ஒரு முறை மீட்டினாள். கரண்டும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. ஆனாலும் அந்த ஒலி தகரக் கூரை வரை போய் நின்றது. அது முழுக்க அடங்கும்வரை சவரிராயன் துணியைக் கையில் பிடித்திருந்தார்.

அவள் டார்ச்சை ஓட்டைக்குள் அடித்தாள்.

"சீட்டு இருக்குதுங்க. எழுத்தும் அழியல. படிக்கட்டுங்களா?"

"அது அப்புறம்," என்றார் சவரிராயன். "நீங்க வாசிங்க டீச்சர். நான் முழிச்சுத்தான் இருக்கேன்."