வைரவனின் மௌன விரதம்

மடத்து நாய் வைரவன் திடீரென்று குரைப்பதை விட்டுவிட்டது. படி ஏறுவதில்லை. சோறும் பேருக்குத்தான். முதுகை வளைத்து, தலையைத் தொங்கப்போட்டு, சந்நிதிக்கு எதிரே நின்றது நின்றபடி நிற்கும்.

வேறு இடமென்றால் மாட்டு டாக்டரையாவது கூப்பிட்டிருப்பார்கள். இது மடமாயிற்றே! சபாபதிக்குப் புல்லரித்துப் போயிற்று. தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றுச் சீடரானவர். மூன்று வருஷமாக முக்கியும் அரை மணி நேரம் பேசாமல் இருக்க முடியாத மனிதர்.

"மௌன விரதம்யா! யாரும் தொடாதீங்க, தவம் கலைஞ்சிடும்" என்றார்.

நாயைச் சுற்றிக் கோலம் விழுந்தது. கழுத்தில் துளசி மாலை ஏறியது. குட்டியிலிருந்து தன் கையால் பால் ஊற்றி வளர்த்த நாயை, சபாபதி எட்ட நின்று மூன்று வேளையும் கும்பிட்டார்.

நாற்பதாம் நாள் குரு யாத்திரையிலிருந்து திரும்பினார். சீடரைவிடப் பத்து வயது இளையவர்.

"சாமி, நம்ம வைரவனைப் பாருங்க! எனக்குக் கிடைக்காதது அதுக்குக் கிடைச்சிருச்சு."

குரு நாயின் பக்கத்தில் உட்கார்ந்தார். மாலையைக் கழற்றினார். முதுகுத்தண்டின்மேல் விரலை வைத்து லேசாக அழுத்தினார்.

வைரவன் வீறிட்டது. பின்னங்கால்கள் மடங்கி அப்படியே சரிந்தது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

வேனில் தூக்கிப்போட்டு டவுனுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"முதுகெலும்புல கிருமி புகுந்து அரிச்சிருக்கு. முதல் வாரமே வந்திருந்தா மாத்திரை குடுத்திருக்கலாம். மாசக்கணக்கா குடுக்கணும், ஆனா பிழைச்சிருக்கும். இப்ப எலும்பு நொறுங்கி நரம்பை நசுக்கிடுச்சு."

"இனிமே?"

"எவ்வளவு வலி தெரியுமா ஐயா? ஊசி போட்டு அனுப்பிடலாம்."

சபாபதி மடியில்தான் அது போய்ச் சேர்ந்தது. கடைசி நிமிஷத்திலும் அவர் கையை நக்கிற்று, பாவி நாய்.

மடத்துக் கொல்லையில் குழி மூடியதும் சபாபதி குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நானே கொன்னுட்டேனே சாமி! நாற்பது நாளும் பக்கத்துலதானே இருந்தேன். தவம் எது, வலி எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

குரு கையிலிருந்த மண்ணைத் தட்டினார்.

"பின்கட்டுல நம்ம சீடர் ஏகாம்பரம் ரெண்டு மாசமா யார்கிட்டயும் பேசாம உக்காந்திருக்காரு. அதையும் விரதம்னுதானே எல்லாரும் சொல்றீங்க?"

"ஆமா சாமி."

"போங்க. எங்க வலிக்குதுன்னு கேளுங்க."