அன்றைக்கு நின்ற இடம்

ஞானாம்பாள் அம்மாவின் மடத்தில் சீடர்கள் என்று ஆறு பேர் இருந்தார்கள். அதில் ஐந்து பேர் அம்மாவைவிட வயதில் பெரியவர்கள். அம்மாவுக்கு நாற்பத்து நான்கு. வைரக்கண்ணுவுக்கு அறுபத்து மூன்று. அவர் காலில் விழக் குனிந்தாலே, "எழுந்திரிக்கச் சிரமப்படுவீங்க, வேணாம் ஐயா" என்று அம்மா தடுத்துவிடுவார்.

மடம் கடலிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் உள்ளே இருந்தது. ஆனாலும் டிசம்பர் பிறந்துவிட்டால் அங்கேயும் அந்தக் கேள்வி வந்து சேர்ந்துவிடும். சுனாமி அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க? டீக்கடையில் கேட்பார்கள், பஸ்ஸில் கேட்பார்கள், மைக்கை நீட்டியும் கேட்பார்கள். நேற்றுத் தின்றது மறந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை அந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

வைரக்கண்ணுவும் மறக்கவில்லை. அதுதான் அவருக்குத் தொல்லை.

அன்று விடிந்ததிலிருந்தே அவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணி பஸ்ஸில் அஞ்சலாட்சி வருகிறாள். நேற்றே போன் செய்துவிட்டாள். இருபது வருடம் ஆகிறது, மகன் செம்பியனுக்கு ஒரு படம் வரைந்து வீட்டில் மாட்டப்போகிறாளாம். ஏழு வயதில் அலையில் போன பிள்ளை. அவன் போட்டோவும் வீட்டோடு போய்விட்டது. முக ஜாடையை அவளே சொல்லி, ஓவியர் பென்சிலால் போட்டுப் பார்த்திருக்கிறார். கடைசி நிமிடத்தில் பிள்ளை எப்படி நின்றான், கையில் என்ன வைத்திருந்தான், எந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தான் என்பதெல்லாம் வைரக்கண்ணு அண்ணனைக் கேட்டுத்தான் வரைய வேண்டும். கடைசியாகப் பார்த்தவர் அவர்தானே!

அவர் பார்க்கவே இல்லை.

ஒன்பது மணிக்கு அம்மாவைத் தேடிப் போனார். அம்மா முற்றத்து மணலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்க."

"ஒருத்தர் சொன்ன பொய்யால இன்னொருத்தருக்கு நிம்மதி கிடைச்சிருக்கு. அந்தப் பொய்யைக் காப்பாத்தணுமா, விட்டுடணுமா?"

"யார் சொன்னது?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்."

அம்மா நிமிர்ந்து அவர் நெற்றியைப் பார்த்தார். "தெரிஞ்சவருக்கு மார்கழிக் குளிர்ல இப்படி வேர்க்குதே, ஐயா."

வைரக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாம் வந்தது.

அப்போது அவர் கடற்கரை ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். தினமும் காலையில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கக் கரையில் நிற்பார். அதனால் அன்றைக்கும் நின்றிருப்பார் என்று ஊரே நினைத்தது. மூன்றாம் நாள், ஜனங்களைத் தங்க வைத்திருந்த கல்யாண மண்டபத்தில் அஞ்சலாட்சி ஒவ்வொருவர் மோவாயையும் பிடித்துத் திருப்பி, எம் புள்ளையப் பாத்தீங்களா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இவர் முறை வந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"பாத்தேன்னு வந்துருச்சும்மா. எப்படி இருந்தான்னு கேட்டா. படகுகிட்ட நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தான்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் ஒரு வாய் கஞ்சி குடிச்சா. அதை என் கண்ணால பாத்தேன். அது பொய் இல்ல."

"சரி."

"இப்ப வந்து கேக்கப்போறா. கையில பந்துன்னு சொல்லட்டுமா, வெறுங்கைன்னு சொல்லட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அம்மா விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்து அதன் கட்டையால் மணலில் ஒரு நீளக் கோடு இழுத்தார். சமையலறைக்குப் போய் ஒரு குண்டானும் தம்ளரும் எடுத்து வந்தார். குண்டானைக் கோட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். அதை ஒட்டித் தம்ளரை வைத்தார்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் கடல். இது படகு. இது பிள்ளை. நீங்க நின்ன இடத்துல போய் நில்லுங்க."

"அம்மா, மணி ஒன்பதரை ஆச்சு."

"நில்லுங்க."

வைரக்கண்ணு தம்ளருக்கு நாலடி தள்ளி நின்றார்.

அம்மா அவருக்குப் பின்னால் போய் இன்னொரு கோடு போட்டார். "தண்ணி இதையும் தாண்டி வந்துச்சு இல்லையா?"

"வந்துச்சு."

"அப்ப நீங்க இருக்க மாட்டீங்களே."

அவர் துளசி மாடம் வரை தள்ளி நின்றார். அம்மா அதற்கும் பின்னால் கோடு போட்டார். கிணற்றடிக்குப் போனார். அங்கேயும் கோடு வந்தது. இருபது வருடமாக இந்தக் கதையைச் சொல்கிற மனிதர், அதில் தமக்கு ஓர் இடம் போட்டுக்கொள்ள மறந்துவிட்டிருந்தார். பிள்ளை இருந்தான், படகு இருந்தது, சிரிப்பு இருந்தது. பார்த்த ஆள் நிற்கக் காலடி மண் இல்லை.

"தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

"மாரியம்மன் கோயில் வரைக்கும்."

"அப்ப அதையும் தாண்டி நில்லுங்க. எங்க நின்னீங்களோ அங்கயே நில்லுங்க."

வைரக்கண்ணு மடத்து வாசலைத் தாண்டினார். ரோட்டைக் கடந்தார். எதிர்ப்பக்கம் கரண்டுக் கம்பத்தடியில் போய் நின்றார்.

வாசலில் நின்றபடி அம்மா கேட்டார்: "அங்க என்ன இருந்துச்சு?"

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். மடத்துக்கு வந்த பதினொரு வருடமாக முட்டையைக்கூடத் தொடாதவர்.

"கறிக்கடை."

"கேக்கல, ஐயா."

"கறிக்கடைம்மா! ஞாயித்துக்கிழமை. மாப்பிள்ளை வந்திருந்தாரு. லீவு போட்டுட்டு வரிசையில நின்னேன். எலும்பா அள்ளிப் போடுறியேன்னு கடைக்காரன்கிட்ட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். அங்க அத்தனை உசிரு போகுது, நான் இங்க எலும்புக்குச் சண்டை போடுறேன். இதை எப்படிம்மா ஒரு தாய்கிட்ட சொல்றது?"

அம்மா பதில் சொல்லுமுன் பஸ் வந்துவிட்டது. என்றைக்கும் பத்தரைக்கு வருகிற பத்து மணி பஸ், அன்றைக்கென்று பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்து கம்பத்தடியில் நின்றது. அஞ்சலாட்சி இறங்கினாள். கையில் சுருட்டிய காகிதம்.

"என்னண்ணே, எனக்காகவா ரோட்டுல நிக்கிறீங்க?" என்று சிரித்தாள். அப்போதே காகிதத்தைப் பிரிக்கப் போனாள். "நிக்கிற மாதிரியா, படகுல சாஞ்ச மாதிரியான்னு படம் வரையிறவரு கேக்குறாருண்ணே."

கம்பத்தடியை விட்டு நகர்ந்தால் வாயும் மாறிவிடும் என்று வைரக்கண்ணுவுக்குப் பயம். நின்ற இடத்திலேயே சொன்னார்.

"நான் கரையில இல்ல தாயி. கறிக்கடையில நின்னேன். உன் புள்ளைய நான் பாக்கல."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். எலும்புச் சண்டையையும் சொன்னார்.

அஞ்சலாட்சி ரோட்டோரத்தில் உட்கார்ந்தாள். ஒரு லாரி போனது. அடுத்து ஒரு டிராக்டர். அடித்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது.

"அந்தச் சிரிப்பை நெனச்சுக்கிட்டுத்தான்யா நான் இத்தனை வருஷம் சோறு தின்னேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சிரிக்கலையா அவன்?"

"எனக்குத் தெரியாது தாயி."

"அப்ப கடைசியா அவனைப் பாத்தது யாரு?"

அவள் அவரைக் கேட்கவில்லை போலிருந்தது. காகிதத்தை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"நான்தான்" என்றாள்.

பிறகு அவரைப் பார்க்காமலே பேசினாள்.

"பல்லு வெளக்குனவன் வாயைக் கழுவாம வந்து என் சேலையில தொடச்சான். துவைச்சுக் கட்டுன சேலை. தலையில ஒண்ணு வெச்சேன். உம்முன்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போனான். வாயைச் சுத்தி ரோஸ் கலர் பல்பொடி. திரும்பிக்கூடப் பாக்கல. நீ சிரிச்சான்னு சொன்னியா, சரி, கோவம் தீந்துருச்சுன்னு அதை அப்படியே விட்டுட்டேன். அதுக்கப்புறம் நெனச்சே பாக்கல."

அவள் அழுதாள். இருபது வருடத்துக்கு முன்னால் மண்டபத்தில் அழுததை அவர் பார்த்திருக்கிறார். இது வேறு மாதிரி இருந்தது. விரலால் தன் வாயோரத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள், இங்கே, இங்கே என்று.

எதிர்ப்பக்கத்திலிருந்து டவுனுக்குப் போகிற பஸ் வந்தது. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து ரோட்டைக் கடந்து கையைக் காட்டினாள்.

"வரையிறவருகிட்ட சிரிக்க வேணாம்னு சொல்லிடுறேன். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டே இருக்கட்டும்" என்றாள். வைரக்கண்ணுவிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. ஏறிப் போய்விட்டாள்.

அவர் முற்றத்துக்குத் திரும்பி வந்தபோது அம்மா குண்டானைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன்மா."

"ம்."

"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லல. இனிமே இந்தப் பக்கம் வர மாட்டா. பாவி, அவளுக்குன்னு இருந்த ஒரே நிம்மதியையும் பிடுங்கிட்டேன்."

அம்மா குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையை உதறினார்.

"இருபது வருஷமா அந்தப் பிள்ளை உங்ககிட்ட இருந்தான், ஐயா. இன்னைக்குத்தான் பெத்தவகிட்ட விட்டிருக்கீங்க."